மூன்று ஃபியூஸ் கட்டைகள்

விடிவதற்குள் நாங்கள் மூவரும் கேபிள் இழுக்க ஆரம்பித்திருந்தோம். பெருவிரல் தடிமன்தான், ஆனால் யானைக் கனம். குழாய்க்குள் ஒரு சாண் நகர்வதற்குள் தோள் கழன்றது. துணித்தூசி மூக்கில் ஏறியது. பள்ளிக்கூடப் பையைத் தவிர வேறெதையும் சுமந்திராத எனக்கு, அந்தத் தையல் ஆலையில் இது இரண்டாவது வாரம். எல்லோருக்கும் நான் 'புதுசு'.

"புதுசு, கேபிள இழுக்கச் சொன்னா அதோட கைகுலுக்கிட்டு நிக்கிற," என்றார் ஒட்டடை அண்ணன். ஏணியில்லாமலே ஒட்டடை அடிக்கிற உயரம் அவர். சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

பயம்தான், மறைப்பானேன்? என்னை இந்தத் தொழிலுக்குக் கூட்டிவந்த மாமாவைப் போன வாரம் இதே கூரையில் கரண்ட் தூக்கி எறிந்தது. மெயினை அணைத்துவிட்டுத்தான் ஏறினார். மெஷின் நிற்கிறதே என்று முதலாளி ஆள் அனுப்பிப் போடச் சொல்லிவிட்டார். இரண்டு கையிலும் கட்டோடு மாமா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அன்றிலிருந்து வீட்டுச் சுவிட்சைத் தொடவே எனக்குக் கை கூசுகிறது. இன்று கிளம்பும்போது அம்மா என் விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேபிள் வந்து சேர்ந்ததும் ஒட்டடை அண்ணன் மெயினை அணைத்து, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கினார். இனி யார் மெயினைப் போட்டாலும் கரண்ட் வராது. தனக்கொன்று, எங்களில் மூன்றாமவரான மொட்டை அண்ணனுக்கொன்று, எனக்கொன்று.

"பையில போட்டுக்கோ. எல்லாரும் இறங்கினப்புறம்தான் மாட்டணும். யார் கேட்டாலும் குடுக்காத."

அண்ணன்கள் இருவரும் ஏறிப் பழைய கம்பிகளைப் பிரித்தார்கள். தையல்காரப் பெண்கள் வந்து, ஓடாத மெஷின்களின் முன் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே முதலாளி வந்தார்.

"யாரு நிறுத்தச் சொன்னது? சாயங்காலம் லாரி வருது."

"மதியத்துக்குள்ள முடிஞ்சிரும் சார்," என்றார் மேலிருந்து ஒட்டடை அண்ணன்.

"ஓடவிட்டே மாத்து."

"அப்படித்தான் சார் எங்க ஆளு ஆஸ்பத்திரில கிடக்கறாரு."

முதலாளி என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "உன் கட்டையக் குடும்மா. அது ஒண்ணு போதும், ஒரு வரிசை மெஷின் ஓடும். அவங்க ரெண்டு பேருக்கும் இன்னியோட கணக்கு முடியுது. உன்ன நிரந்தரமா வெச்சுக்கறேன்."

அந்த ஒன்று போதும், மேலே இருப்பவர்களைக் கொல்ல. பைக்குள் கைவிட்டுக் கட்டையை இறுக்கிப் பிடித்தேன்.

"மாட்டேன் சார்." எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அவர் தையல்காரர்களைப் பார்த்தார். "கேட்டீங்களா? உங்களுக்குப் பீஸுக்குத்தான் கூலி. இவங்களால உங்க பொழப்பும் போச்சு."

முன்வரிசை அக்கா எழுந்தாள். "போன வாரம் கரண்ட் வந்ததும் நாங்க எல்லாரும் கைதட்டினோம் சார். மேல ஒரு ஆளு துடிக்கறது தெரியாம. இன்னொரு தடவ எங்களால தட்ட முடியாது."

நாற்காலிகள் ஒவ்வொன்றாய் நகரும் சத்தம் கேட்டது.

முதலாளி போனைக் காதில் வைத்தபடி வெளியே நடந்தார். "வேற ஆளுங்களக் கூட்டிட்டு வா. ஒருத்தர் விடாம மாத்திடலாம்."

செய்யக்கூடியவர்தான். நாளைக்கு எங்களில் யாருக்கு வேலை இருக்குமோ தெரியாது. என் பயமும் போனபாடில்லை.

"ஏணிய எந்தப் பக்கம் புடிக்கணும்மா?" என்றாள் அக்கா.

காட்டினேன். மற்ற பெண்கள் போய், யாரும் நெருங்காதபடி மெயின் போர்டுக்கு முதுகு காட்டி வரிசையாக நின்றுகொண்டார்கள். நான் ஏறி, அண்ணன்களோடு சேர்ந்து வெறும் கம்பியில் கை வைத்தேன்.