பொத்தான் டப்பாவில் வந்து சேர்ந்த வாக்கியம்

பாடகி பேட்டியில் சொல்ல வாயெடுத்து விழுங்கிவிட்ட வாக்கியம், மறுநாள் காலை ஏழேகாலுக்குத் தையற்காரியின் பொத்தான் டப்பாவில் கிடந்தது. இரண்டு நூல்கண்டு எடை இருக்கும். தொட்டால் இளஞ்சூடு. சட்டைப் பொத்தான்களை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டு முனகியது. பறந்துவிடுமோ என்று தையற்காரி மூடியை அழுத்தி மூடி, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் புருஷனை எழுப்பினாள்.

பேட்டியைப் பார்க்காதவர்கள் தெருவில் யாரும் இல்லை. தெருவுக்குப் பின்னால் இருக்கும் சோப்புத் தொழிற்சாலையை மூடிவிட்டுக் கடைவளாகம் கட்டலாமா என்று ஊரில் வாக்கெடுப்பு வைக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. பாடகி இதே ஊரில் பிறந்து, இதே சோப்பில் குளித்து, பிறகு பெரிய ஆளானவள். மூடலாமா கூடாதா என்று கேட்டார்கள். வாயைத் திறந்தாள், எதையோ விழுங்கினாள், பிறகு, "எல்லாப் பக்கமும் நியாயம் இருக்கு. மனசுக்குப் பட்டதைச் செய்யுங்க. நான் எப்பவும் உங்களோடதான் இருக்கேன்" என்றாள். அந்த 'உங்களோட' தங்களைத்தான் குறிக்கிறது என்று தொழிற்சாலைக்காரர்கள் கைதட்டினார்கள். கடை வந்தால் வியாபாரம் பெருகும் என்றிருந்த பேக்கரிக்காரரும் அதே நேரத்தில் கைதட்டினார். அவள் போட்டிருந்த நீலச் சட்டை சோப்பு உறையின் நிறம் என்றது ஒரு கூட்டம். பேசும்போது மூக்கைச் சொறிந்தாளே, தொழிற்சாலை நாற்றம் பிடிக்காமல்தானே என்றது இன்னொன்று.

ஆகவே டப்பா விஷயம் பரவியதும் தையற்காரியின் வீட்டு வாசலில் வரிசை நின்றது. மூடியில் காதை வைத்தவர்களுக்கெல்லாம் அவரவர்க்கு வேண்டியது கேட்டது. தையற்காரியின் புருஷன் அந்தத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகக் கொதிகலன் பார்ப்பவன். வேறு வேலை தெரியாது. ஆகவே அவளுக்கு என்ன கேட்டது என்று சொல்லத் தேவையில்லை.

வரிசைக்கு வராத ஒரே ஆள் எதிர்வீட்டு நாத்தனார். புருஷனுக்கு அக்கா. ரசிகர் மன்றத் தலைவி. பாடகியின் முதல் பாட்டு வந்த நாளிலிருந்து படங்களை வெட்டி ஒட்டிப் பதினோரு நோட்டு சேர்த்திருந்தவள். தையற்காரி ரசிகையாகி மூன்றே வருடம்; அதுவும் தையல் மெஷின் சத்தத்தில் பாதிப் பாட்டுதான் காதில் விழும். நான்காம் நாள் நாத்தனார் கௌரவத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்க் கேட்டபோது, "கூட்டம் குறையட்டும் அண்ணி, உங்களுக்கு இல்லாததா" என்றாள் தையற்காரி, வாயில் குண்டூசியோடு. நாத்தனார் வீட்டுக்கு வந்து பதினோரு நோட்டையும் எடுத்துப் பார்த்தாள். அன்று அவள் சமைத்ததில் உப்பில்லை.

"பத்து வீடு தள்ளி வந்திருந்தாகூடப் பொறுத்துப்பேன். என் தம்பி வீட்டுக்கு வந்துட்டு, எதிர்ல நான் இருக்கறது தெரியலையா அதுக்கு?" என்று அவள் பேக்கரியில் கேட்டதாக ரொட்டி வாங்கப் போன அத்தனை பேரும் சொன்னார்கள்.

தம்பி வீடு அவளுக்குப் பிறந்த வீடு. சாவி இன்னும் அவளிடம் ஒன்று இருந்தது. வாக்கெடுப்புக்கு ஆறு நாள் இருக்க, தையற்காரி பள்ளிச் சீருடைகளைக் கொடுக்கப் போயிருந்த பகல் நேரத்தில், டப்பாவைத் துண்டில் சுற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியலறைக் கதவைச் சாத்தி, மூடியைத் திறந்தாள். கொஞ்சம் கரகரப்போடு, பாடகியின் அதே குரல், தெளிவாகச் சொன்னது: "ஐயோ, இந்தச் செருப்பு கடிக்குது. எப்ப முடியும் இது?"

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் செருப்புதான். நாத்தனாருக்கு அப்படி ஒரு குளிர்ச்சி வயிற்றில் இறங்கியது. தெருவையே கூட்டி மூடியைத் திறந்து காட்டிவிட்டால் போதும், தம்பி பெண்டாட்டி ஒரு வருடத்துக்கு நிமிர்ந்து நடக்க மாட்டாள். டப்பாவோடு வாசலுக்கு வந்தாள். எதிரே தம்பி படியில் உட்கார்ந்து, காலணியில் காய்ந்திருந்த சோப்பைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டியதையே மறுபடி சுரண்டினான். நிமிர்ந்து, "என்னக்கா?" என்றான். "ஒண்ணுமில்லடா" என்று உள்ளே போனவள், சாயங்காலம் கூட்டத்தைத் தானே கூட்டினாள்.

"மூடி வச்சிருந்தா எப்படிக் கேக்கும்? திறந்தேன். தொழிற்சாலையை மூடாதீங்கன்னு சொல்றா" என்றாள். கொஞ்சம் யோசித்து, "என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் சொன்னா" என்றாள். அந்தக் கடைசி வரிக்குத் தேவையே இல்லை. அது அவள் தனக்காக வைத்துக்கொண்டது. மன்றத் தலைவியே சொன்ன பிறகு யாரும் மூடியைத் திறந்து சரிபார்க்கவில்லை.

நாற்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் தொழிற்சாலை பிழைத்தது. தையற்காரி டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அன்று மதியம் அவள் மெஷின் அரைமணி நேரம் ஓடவில்லை என்பதைப் பக்கத்து வீட்டார் கவனித்தார்கள், காரணம் பிடிபடவில்லை. பொறாமை மட்டும் தெருவைக் கடந்து எதிர்வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்துவிட்டது. "ரெண்டு வாரம் என் வீட்டுல சோறு தின்னாத குறையா இருந்துச்சு, என் பேரை ஒரு தடவை சொல்லலையே" என்று அவள் புருஷனிடம் சண்டை போட்டாள். நாத்தனார் ரவிக்கை தைக்கக் கொடுத்தால், அக்குளில் கால் அங்குலம் இறுக்கித் தைத்துக் கொடுத்தாள். இப்படி ஆறு வருடம் போனது.

ஏழாம் வருடம் தொழிற்சாலை மைதானத்தில் பாடப் பாடகி வந்தாள். இறங்கியதும் அன்று விழுங்கிய வாக்கியம் பற்றிக் கேட்டார்கள். "அப்போ மனசுல ஏதோ இருந்துச்சு. அது உங்களுக்கே தெரியும்" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். முன்வரிசையிலிருந்து நாத்தனார் ஒரு பொட்டலத்தை நீட்டினாள்: பஞ்சு வைத்த துணிச்செருப்பு. அதே நொடி பக்கத்திலிருந்து இன்னொரு கை நீண்டது. தையற்காரி. அவள் கையிலும் துணிச்செருப்பு, குதிகாலில் இரட்டைத் தையல் போட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?"

"உனக்குத் தெரிஞ்ச மாதிரிதான்."

"ஆறு வருஷமா வாயைத் திறக்கலையே நீங்க."

"நீ மட்டும் திறந்தியா?"

பாடகி இரண்டு ஜோடியையும் பார்த்தாள். யார் மனமும் நோகாத மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தாள். உயரச் செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலில் நாத்தனாருடையதையும் வலது காலில் தையற்காரியுடையதையும் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் பாடினாள்.

அன்றோடு டப்பா முனகுவதை நிறுத்தியது. இப்போது அதில் வெறும் பொத்தான்தான். எந்தக் கால் முதலில் நுழைந்தது என்பதில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் இன்னும் பேச்சு ஓயவில்லை. மேடைக்கு அருகில் நின்ற பேக்கரிக்காரருக்கு அது நிச்சயம் தெரியும். கேட்டால், இரண்டு வீட்டுக்கும் ரொட்டி விற்பவர், எல்லாப் பக்கமும் நியாயம் இருக்கு என்கிறார்.