தனத்தின் குண்டான்

மகள் கவிநிலாவுக்கு டெங்கு என்று மருத்துவமனையில் சொன்ன அன்று காலை, வீட்டுவேலை செய்யும் தனத்தை நிறுத்திவிடுவது என்று மூர்த்தி முடிவு செய்தார். பெண்ணைப் பாட்டியின் துணையில் அங்கே விட்டுவிட்டு வீடு வந்திருந்தார்கள்; பிளேட்லெட் எண்ணிக்கை எழுதிய தாள் இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

அவர் மனைவி பாஞ்சாலை போனில் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“நீ இனிமே வரவேணாம் தனம். உங்க தெருவுல சாக்கடை ஜாஸ்தி. அங்கேருந்துதான் கொசுவைக் கொண்டாந்துட்ட.”

“நான் மூணு வாரமா போளூர்ல பொண்ணு பிரசவத்துக்கு வந்து கெடக்குறேன்க்கா. ஏன், பாப்பாவுக்கு என்ன?”

“அதை நாங்க பாத்துக்கறோம்.” பாஞ்சாலை துண்டித்தாள்.

மூர்த்தி கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். கொசு விஷயத்தில் தெருவுக்கே முன்மாதிரி. சன்னலுக்கெல்லாம் வலை. மாடித் தொட்டிக்கு மூடி, மூடிமேல் துணி, துணிமேல் செங்கல். ஃபிரிட்ஜின் பின்தட்டைச் செவ்வாய்தோறும் காலி செய்வார். டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதால் நான்கு வயது மகன் வளவனுக்குக் காலையிலேயே முழுக்கால் சட்டை. இத்தனைக்கும் பிறகு காய்ச்சல் வந்ததென்றால் வெளியாள்தான் காரணம். இது அவருடைய ஆய்வு முடிவு.

பத்து மணிக்கு அன்புச்செல்வி டார்ச்சோடு வந்தாள். கொசுப்புழு பார்க்க வீடு வீடாகப் போகிறவள்.

“எங்க வீட்ல ஒண்ணும் கெடைக்காதும்மா. தனம் தெருவுல போய்ப் பாரு.”

“பாத்துட்டுத்தான் சார் வர்றேன். ரெண்டு டிரம்ல இருந்துது. சொன்னவுடனே கவுத்துத் தேய்ச்சிட்டாங்க.”

தொட்டி, ஃபிரிட்ஜ், மாடி எல்லாம் பார்த்தாள். மூர்த்தி சொன்னது சரி. கடைசியாகத் தோட்டத்துக்குப் போனாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஓர் அலுமினியக் குண்டான், பக்கத்தில் ஒரு டம்ளர். டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் முழுக்க நெளிந்தது.

“இது யாருக்கு சார்?”

“வேலைக்கு வர்றவளுக்கு. குடிக்க. அவ மூணு வாரமா ஊர்ல இல்ல” என்றாள் பாஞ்சாலை.

வீட்டுப் பாத்திரமெல்லாம் தனம் தேய்க்கலாம். அதில் குடிக்கத்தான் கூடாது.

“மூணு வாரமா ஆளே வரல, தண்ணிய யாரும் கொட்டலையா?”

“அதை நாங்க புழங்கறதில்லம்மா” என்றார் மூர்த்தி.

“கொசு புழங்குதே சார்.”

மூர்த்தி துணி காயப்போடும் கொம்பைக் கொண்டுவந்தார். இரண்டடி தள்ளி நின்று குண்டானைச் சாய்த்தார். புழுக்கள் வெயிலில் துடித்தன.

“கவுத்தா போதாது சார். முட்டை உள்பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கும். மறுபடி தண்ணி பட்டா பொரியும். கைவிட்டுத் தேய்க்கணும்.”

“அப்போ தூக்கிப் போட்டுடலாம்.”

“யாரு சார் தூக்குறது?”

பாஞ்சாலை மறுபடி போனை எடுத்தாள்.

“தனம், கோவிச்சுக்காத. உடனே பஸ் ஏறி வா. உன் குண்டானைக் கழுவணும்.”

போனில் பச்சைக் குழந்தை அழுதது.

“அது என்னுது இல்லக்கா. எங்க வீட்லேருந்து நான் எடுத்தாரல. உங்க வீட்டுதுதான், நீங்களே கழுவுங்க.” தனத்தின் குரல் உயரவில்லை. “பாப்பாவ நல்லா பாத்துக்கோங்க.”

இம்முறை துண்டித்தது தனம்.

அன்புச்செல்வி படிவத்தில் எழுதுவதை மூர்த்தி எட்டிப் பார்த்தார். ‘புழு இருந்த இடம்: வேலையாளுக்குத் தனியாக வைத்த குடிநீர்ப் பாத்திரம்.’

“பழைய பாத்திரம்னு போட்டா போதாதா?”

“பழசு இல்லையே சார். இன்னும் பழக்கத்துல இருக்கே. கையெழுத்து போடுங்க.”

போட்டார்.

கதவோரம் நின்ற வளவன் கழுத்தைச் சொறிந்தான். அங்கே சிவந்த தடிப்பு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் பாஞ்சாலை புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். குண்டானை இழுத்துத் தேங்காய் நாரால் உள்ளே தேய்த்தாள். விளிம்பு, அடி, மறுபடி விளிம்பு. பக்கத்தில் நின்ற கணவரும் ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண்ணும் மறந்துபோனதுபோல் தேய்த்தாள். மூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் எழுந்ததும் வளவன் இரண்டு கைகளையும் நீட்டி ஓடிவந்தான்.

“கிட்ட வராத!” பாஞ்சாலை ஈரக்கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “தொடாத கண்ணு. அம்மா இன்னும் குளிக்கல.”

வளவன் நின்ற இடத்திலேயே நின்றான். தான் என்ன தப்பு செய்தோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.