விளக்கவித்தான் குடி

"எங்க பாட்டன் அவிச்சது எந்த விளக்கு, டீச்சர்?"

ஒரு சிறுவன் முன்னொரு நாள் கேட்ட இக்கேள்வி, நூறாண்டுக்கு மேலாக இரு வீடுகளின் அடியில் ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்த நீரோட்டத்தை மண் கிளறி வெளிக்கொணர்ந்தது. குளிர் தளரத் தொடங்கும் மாசித் திங்களின் காலை அது. மித்திலினித் தீவின் தென்கரையில், நிலத்தின் மடியில் தலைவைத்துறங்கும் குழவியைப் போலக் கடல் உட்புகுந்து அடங்கிக் கிடக்கும் வளைகுடாவின் ஓரத்தில், லித்தாரி என்னும் சிற்றூர் அப்போதுதான் கண்விழித்திருந்தது. காற்று புரட்டிய பக்கமெல்லாம் வெள்ளி காட்டிச் சிலிர்க்கும் ஒலிவ மரங்கள் குன்றுதோறும் படிப்படியாய் ஏறி நிற்க, இலை துளிர்க்கும் முன்னரே பூத்துவிட்ட வாதுமைகள் அவற்றிடையே நாணி நிற்க, எண்ணெய்ச் செக்கின் புகைபோக்கியினின்று எழுந்த கரும்புகை கூரைகளின்மேல் தவழ்ந்து சென்று, குன்றின் உச்சியில் இருந்த தூய பரஸ்கேவியின் வெண்ணிறக் கோயிலை அணுகியதும் கரைந்து மறைந்தது. அக்கோயிலில் அத்தூயவளின் திருவுருவின் முன் தொங்கும் விளக்கு இரவு பகல் அணையாது எரிவது. அவ்வூரார் எதை மறந்தாலும் அதை மறவார்.

பள்ளியாசிரியை மிர்சினி, அன்று தன் மாணாக்கரிடம் அவரவர் குடிப்பெயரின் பொருளைக் கேட்டறிந்து வருமாறு பணித்திருந்தாள். கோயிற்குருவின் வழிவந்தோன் ஒருவன், தையற்காரனின் வழிவந்தோன் ஒருவன், கொப்பரை வார்த்தவனின் கொடிவழி ஒருத்தி, நொண்டி யானி என்பானின் பேத்தி ஒருத்தி என்று பிள்ளைகள் தத்தம் முன்னோரைக் கைப்பிடித்து அழைத்து வந்து வகுப்பில் நிறுத்தினர். ஆசிரியையின் குடிப்பெயரோ யாவரும் அறிந்தது. அவள் ஹட்சிமிகாலி வீட்டாள். எருசலேம் சென்று யோர்தானில் முழுகித் திரும்பியவனுக்கே 'ஹட்சி' என்னும் அடைமொழி உரியது. அவள் முன்னோன் மிகாலி அவ்வாறு சென்று திரும்பியவன். அவன் கொணர்ந்த சிறப்பு, முடிசூடிய தலைபோல், அவ்வீட்டுப் பெயரின் முன்னே அன்றுமுதல் அமர்ந்திருந்தது.

கடைசி வரிசையில் எழுந்து நின்ற எட்டு வயது அக்கிந்தினோஸின் குடிப்பெயர் ஸ்விஸ்தெல்லி. விளக்கவித்தானின் வழியினன் என்பது அதன் பொருள். கோயில் விளக்கைக் காக்கும் பணியில் இருந்த முன்னோன் ஒருவன், அவ்விளக்கின் எண்ணெயைத் திருடி விற்றுக் குடித்தான் என்றும், ஒரு விடியலில் விளக்கு குளிர்ந்து கிடக்கக் கண்டு ஊரார் அவனை அப்பணியினின்று துரத்தினர் என்றும், பெயர் அவ்வழி ஒட்டியது என்றும் ஊர் சொல்லும். அந்தக் கதையை அறியாதவன் அச்சிறுவன் ஒருவனே. அவன் தந்தை சொல்லவில்லை. அவன் கேட்டதும் வகுப்பு சிரித்தது.

"டேய், அவன் பக்கத்துல யாரும் மெழுகுவத்தி புடிக்காதீங்கடா, அணஞ்சுடும்!"

"போன ஈஸ்டருக்கு இவன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் என் வத்தியே அணஞ்சுது டீச்சர்!"

அது வெறும் கேலியன்று. உயிர்த்தெழுதல் பெருநாளில் குருவின் கையிலிருந்து ஒளி ஒருவர் மெழுகுவர்த்தியினின்று மற்றவர் மெழுகுவர்த்திக்குத் தாவிச் செல்லும்போது, அச்சிறுவனுக்கு ஒளி தர அருகிலிருந்த பிள்ளைகள் மறுத்துவிட, அணையா மெழுகுவர்த்திகளின் கடலில் ஏற்றப்படாத ஒன்றை ஏந்தியவனாய் அவன் வீடு திரும்பியிருந்தான். அதனைக் கண்ட தந்தை புரோக்கோப்பி அறுவடை முடிந்தபின் நகரத்துக்குச் சென்று, தன் குடிப்பெயரை எலியாதி என மாற்றித் தருமாறு விண்ணப்பம் கொடுத்தான். அவ்விண்ணப்பம் இப்போது ஊர்மன்றத்துப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. மறுப்புடையோர் பதினைந்து நாளுக்குள் எழுதித் தரலாம்; தராவிடில் ஸ்விஸ்தெல்லி என்னும் பெயர் இவ்வுலகினின்று நீங்கும். அப்பதினைந்தில் ஆறு நாள் கழிந்திருந்தன.

மிர்சினி சிறுவனுக்கு விடை கூறவில்லை. "திங்கக்கிழமை சொல்றேன்பா, உக்காரு" என்றாள். சொல்லாதிருப்பதும் ஒருவகைச் சொல்லே என்பதை அச்சிறுவன் தலை கவிழ்ந்து அமர்ந்த முறையில் அவள் கண்டாள்.

மறுநாள் இறந்தோர் நினைவுச் சனிக்கிழமை. அந்நாளில் வேகவைத்த கோதுமையில் உலர்திராட்சையும் மாதுளை முத்துகளும் கலந்து, மேலே சர்க்கரை தூவிக் கோயிலுக்கு எடுத்துச் செல்வதும், தம் வீட்டில் இறந்தோரின் பெயர்களைத் தாளில் எழுதிக் குருவிடம் தருவதும் ஊர் வழக்கம். அத்தாளில் குடிப்பெயர் எழுதப்படுவதில்லை. திருமுழுக்கில் இட்ட பெயரால் மட்டுமே இறைவன் தன் மக்களை அறிவான் என்பது அவர்தம் நம்பிக்கை. அன்று மாலையே மிர்சினி, மடிப்புகளில் கிழிந்துபோன பழைய தாளைப் பார்த்துப் புதிதாய் எழுத அமர்ந்தாள். மிகாலி, மிர்சினி, அக்கிந்தினோஸ், இக்னாத்தி, மிகாலி, மிர்சினி, இக்னாத்தி…

எழுதுகோல் நின்றது.

பாட்டன் பெயர் பேரனுக்கும் பாட்டி பெயர் பேத்திக்கும் மாறி மாறி வருதல் அந்நிலத்து மரபாதலின், அவள் வீட்டு வரிசையில் மிகாலியும் இக்னாத்தியும் மிர்சினியுமே ஏற்றக் கயிற்றின் வாளிகளைப் போலத் திரும்பத் திரும்ப வந்தனர். அவ்வரிசையில் அக்கிந்தினோஸ் என்னும் பெயர், புறாக் கூட்டத்தில் வந்தமர்ந்த நாரை போல் தனித்து நின்றது. ஆண்டுதோறும் அவளே அதைத் தன் கையால் எழுதியிருக்கிறாள். ஆயினும் அன்றுதான் படித்தாள். சிறுமியாய் இருக்கையில், "இது யாரும்மா?" என்று தாயைக் கேட்டதும், "எழுதுடி, கேக்காதே. என் மாமியா எழுதினாங்க, நானும் எழுதுறேன்" என்று தாய் உரைத்ததும் நினைவில் எழுந்தன. திருவுருவங்கள் வைக்கும் மாடத்தின் அடியில் இருந்த பேழையைத் திறந்தாள். ஐந்து தாள்கள், ஐந்து பெண்களின் கையெழுத்தில். ஐந்திலும், எருசலேம் சென்றவனுக்கும் அவன் மனைவிக்கும் அடுத்தபடியாக, ஈன்ற மக்களுக்கும் முன்பாக, அப்பெயர் இருந்தது. லித்தாரியில் அப்பெயரைத் தாங்குவது ஒரே குடி. வகுப்பில் கடைசி வரிசையில் அமர்வது அக்குடியின் பிள்ளை.

மறுநாள் விடிந்ததும், தாள்கள் ஐந்தையும் துணியில் சுற்றிக்கொண்டு செக்குக்குச் சென்றாள். பருவத்தின் கடைசி ஒலிவம் அங்கே அரைபட்டுக்கொண்டிருந்தது.

"விளக்கவித்தான், கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. அடுப்பு அணஞ்சுதுன்னா சுடுதண்ணிக்கு எங்க போறது?" என்று செக்குக்காரர் உரக்கச் சொல்ல, உடனிருந்தோர் நகைத்தனர். முழங்கை வரை எண்ணெய் படிந்த புரோக்கோப்பியும் நகைத்தான். வாழ்நாளெல்லாம் பழகிய நகைப்பு அது.

"நீங்க இருக்கற எடத்துல அடுப்பு எதுக்கு முதலாளி? உங்க வாய்ச்சூடே போதுமே" என்று சொல்லித் திரும்பியவன், வாயிலில் நின்ற ஆசிரியையைக் கண்டான். "அடடே, டீச்சரம்மா! பையன் என்ன பண்ணித் தொலைச்சான்?"

"அவன் ஒண்ணும் பண்ணலண்ணே. வெளிய வாங்க, ஒண்ணு காட்டணும்."

செக்கின் பின்புறம், பிண்ணாக்குக் குவியலின் அருகே, அவள் துணியை அவிழ்த்து ஒவ்வொரு தாளாய்க் காட்டினாள். அவன் கைகளைக் காற்சட்டையில் துடைத்தான். துடைத்தும் தாளைத் தொடவில்லை. விரலை மட்டும் ஒவ்வொன்றிலும் அப்பெயரின்மேல் காற்றிலேயே நிறுத்தி நிறுத்திக் கொண்டுசென்றான்.

"அப்ப… உங்க வீட்ல மறக்கல" என்றான்.

"எதைண்ணே? எனக்கு எதுவுமே தெரியாது. பேரு மட்டுந்தான் தெரியும்."

அவன் கடலை நோக்கித் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னான். "உங்க பெரிய பாட்டன் எருசலேமுக்குப் போன வருசம், பனி விழுந்து ஒலிவமெல்லாம் கருகிப் போச்சாம். வீட்ல அந்தம்மா, மூணு புள்ளைங்க. சட்டியில போட ஒண்ணுமில்ல. ஆனா வாய் தொறந்து கேக்க முடியாது. பொண்டாட்டி புள்ளையப் பட்டினி போட்டுட்டுப் போனவனுக்கு அந்தப் புண்ணியம் செல்லாதுன்னு சொல்லுவாங்கல்ல? அவங்க கையேந்தினா, அவரு போனதே வீணு. எங்க பாட்டன் விளக்குக்கு எண்ணெ ஊத்தறவரு. அவரு வீட்லயும் ஒண்ணுமில்ல. அதனால தினமும் விளக்குலருந்து ஒரு காப்பிக் கிண்ணம் அளவு எடுத்து, உங்க வாசல்ல வெச்சுட்டுப் போயிருக்காரு. அதுவும் நோன்புக் காலத்துல, பெரியவங்க எண்ணெயே தொடாத நாள்ல! ராத்திரி முழுக்க எரிய வேண்டிய விளக்கு பாதியோட நின்னுடும். விடியறதுக்கு முன்னாடி ஓடிப்போய் மறுபடி ஏத்திடுவாரு. ஒருநாள் தூங்கிட்டாரு. அவ்வளவுதான்."

"ஊர் கேட்டப்ப அவரு சொல்லியிருக்கலாமே?"

"யாரு வாசல்ல வெச்சேன்னு அடுத்த கேள்வி வருமேம்மா."

ஒரு வீட்டுக்கு முடியும் மற்றொரு வீட்டுக்குத் தழும்பும் ஒரே ஆண்டில் ஒரே எண்ணெயிலிருந்து பிறந்தன என்பதை மிர்சினி உணர்ந்தாள். தன் பெயரின் முன்னிருந்த அடைமொழி அக்கணம் அவளுக்குக் கனத்தது.

"பின்ன ஏண்ணே பேரை மாத்தறீங்க?"

"எங்களுக்கு மட்டுந்தான் ஞாபகம் இருக்குன்னு நெனச்சேன். மறந்துட்டவங்களுக்காக எம்புள்ள எதுக்கு இருட்டுல நிக்கணும்? நான் நின்னேன், சரி. அவன் எதுக்கு?" என்றவன், தாள்களை மீண்டும் நோக்கினான். "இவங்க ஒவ்வொரு வருசமும் அவருக்காக வேண்டிக்கிட்டு இருந்திருக்காங்க. எங்க வீட்ல யாருக்கும் தெரியல பாருங்க."

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் நான் சொல்லிடறேன். எங்க வீட்டுப் பேரு போனாப் போகட்டும்."

"வேணாம்மா!" அவன் கை தானாக உயர்ந்தது. "அவரு தன் பேரையே வெலையாக் குடுத்து வாங்கின ரகசியம் அது. நூறு வருசம் காவல் காத்துட்டோம். இப்பப் போயி கதவத் தொறந்து வுட்டா, அவரு பட்டதுக்கு என்ன அர்த்தம்? பையனுக்கு நான் சொல்லிக்கிறேன். எந்த வீடுன்னு மட்டும் சொல்ல மாட்டேன். அதோட, ஈஸ்டர் அன்னிக்கு இருக்கற விளக்கையெல்லாம் அவிச்சாத்தானேம்மா புது வெளிச்சம் வருது? அவிக்கறதுக்கும் ஒருத்தன் வேணுமில்ல!" என்று கூறி நகைத்தான். செக்கில் கேட்ட நகைப்பன்று இது.

அன்று முற்பகல் கோயிலில் குரு தாள்களை ஒன்றன்பின் ஒன்றாய் விரைந்து படித்தார். மிகாலி, மிர்சினி, அக்கிந்தினோஸ், இக்னாத்தி. குடிப்பெயரற்ற பெயர்கள் ஓடையில் மிதந்து செல்லும் இதழ்களைப் போல் கடந்தன. அவற்றுள் ஒன்றைக் கேட்டபோது தூணோரம் நின்ற புரோக்கோப்பி தலைகுனிந்தான். திங்கட்கிழமை புரோக்கோப்பி தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, ஊர்மன்றத்து எழுத்தர், பலகையில் ஒட்டிய தாளைப் பசையோடு சுரண்டியவாறே, "ஒட்டச் சொல்றான், கிழிக்கச் சொல்றான், நான் என்ன பெயிண்டரா?" என்று முணுமுணுத்தார்.

அன்றே வகுப்பில் சிறுவன் அக்கிந்தினோஸ் கேளாமலே எழுந்து நின்றான்.

"டீச்சர், எனக்கு வெளக்கம் கெடச்சிடுச்சு. எங்க பாட்டன் எண்ணெயத் திருடி விக்கல. பட்டினி கெடந்த ஒரு வீட்டுக்குக் குடுத்தாரு."

"எந்த வீடுடா?" என்று நான்கு குரல்கள் ஒருங்கே எழுந்தன.

"அவரே சொல்லல. நான் சொல்வேனா?"

கொப்பரைக்காரரின் பேத்தி தன் அருகில் இருந்தவளைப் பார்த்தாள். தையற்காரரின் பேரன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். பிள்ளைகள் அதனை வீடுகளுக்குக் கொண்டுசென்றனர். படிப்போரே, ஒரு நற்செயலின் உரியவர் பெயர் மறைந்திருக்குங்கால் அது எத்துணைப் பேருக்கு உரியதாகிவிடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பனி கருக்கிய அந்த ஆண்டில் பட்டினி கிடவாத வீடு லித்தாரியில் இருந்திலது. ஆதலின் ஒவ்வொரு வீட்டினரும், அது தம் வாசலாகவும் இருந்திருக்கலாம் என்று எண்ணி, உணவருந்தும்போது ஒரு கணம் கை நிறுத்தினர். கேலி அதன்பின் எழவில்லை. தடுத்தோர் எவருமிலர், அது தானே வறண்டது. செக்குக்காரர் மட்டும் பழக்கத்தால் ஒருமுறை வாயெடுத்து, பின் ஏதோ நினைத்தவராய்த் தம் காப்பியைப் புரோக்கோப்பியின்பால் நகர்த்தினார்.

மிர்சினிக்கோ அவ்வமைதி போதவில்லை. தம் வாசலோ என்பது பிறர்க்கு ஐயம். அவளுக்கு அது கடன்.

நோன்பு தொடங்கிய திங்கட்கிழமை முதல், ஊர் எழுமுன், ஆயன் ஆடுகளை அவிழ்க்குமுன், தன் தோட்டத்து எண்ணெயை ஒரு காப்பிக் கிண்ணத்தில் ஏந்திக் குன்றேறும் வழக்கத்தை அவள் மேற்கொண்டாள். கோயிற்கதவு தாழிடப்படுவதில்லை. விளக்கை இறக்கி, திரியை நிமிர்த்தி, எண்ணெயை வார்த்து, மீண்டும் ஏற்றி வைப்பாள். விளக்கு நிறைந்திருப்பதைக் காணும் கோயிற்பணியாளன், குருவே இரக்கத்தால் இதைச் செய்கிறார் என எண்ணினான். குருவோ, பணியாளன் திருந்திவிட்டான் என மகிழ்ந்து, அவனைப் பலர் அறியப் பாராட்டினார். பாராட்டைப் பணியாளன் மறுக்கவுமில்லை.

அந்நோன்பின் இறுதி விடியலில், மழையில் வழுக்கிய படிகளில் ஒரு கையால் சுவரைப் பற்றி ஏறி, அவள் கடைசிக் கிண்ணத்தை வார்த்தாள். சுடர் ஒருமுறை தாழ்ந்து, எண்ணெயை உண்டு, நிமிர்ந்தது. யாரும் அங்கில்லை. கண்ணொளி காப்பவள் என்று ஊர் நம்பும் தூயவளின் திருவுருவம் மட்டும், தன் கையிலேந்திய தட்டில் வரையப்பட்ட இரு விழிகளோடு எதையும் வினவாது நோக்கியிருந்தது. மிர்சினி, முன்னும் பின்னும் எந்தச் சொல்லும் சேர்க்காது, "அக்கிந்தினோஸ்" என்று ஒருமுறை மென்மையாய் உரைத்துக் கிண்ணத்தைத் துணியில் துடைத்தாள். பின் கதவை ஓசையின்றிச் சாத்திவிட்டுப் படியிறங்கிச் சென்றாள்.