கிருபாபாய்க்கு ஒரு பேனா

இதில் ஒரு சொல் பொய் கிடையாது. கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே சொல்லலாம். பனவடலிசத்திரத்து ஜெபிதா லேசர் மெஷினில் குனிந்தால், பக்கத்து ஜூஸ் கடை மிக்ஸிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பெத்துராஜின் பரிசுப்பொருள் கடையில் அன்று அவளுக்கு ஏழாவது நாள். ஏழு நாளும் ட்ரையல். சம்பளம் கிடையாது, வடை உண்டு. "ஸ்கூல் விழாவுக்கு நாப்பது மரப்பேனா. ஒண்ணுகூடக் கெடாமப் பேரு போட்டுட்டேன்னா நாளையிலேருந்து நீ நிரந்தரம்" என்றிருந்தார்.

பேனாக்களைக் கையால் கடைந்தவர் மேலநீலிதநல்லூர் ஆறுமுகச்சாமி. வேம்பு, வாகை, புளி எல்லாம் வார்னிஷ் காய்ந்து, நிப்பு மாட்டி வந்திருந்தன. கெட்டால் மாற்று இல்லை. ஜெபிதா புகைக்கறை படியாமல் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டினாள், உருளாமல் பள்ளத்தில் படுக்கவைத்தாள், எழுத்து விழும் இடத்தில் மெஷினின் சிவப்புப் புள்ளியை ஓடவிட்டுப் பார்த்தாள், பட்டனை அழுத்தினாள். புளியமரப் பேனாவின் புகை பஸ் ஸ்டாண்டு வரை போய், சிவகிரி பஸ்ஸிலிருந்த ஒரு கர்ப்பிணி அங்கேயே ரசம் கேட்டாள்.

நாற்பதாவது பேனா சிறப்பு விருந்தினருக்கு. 'செண்பகவல்லி' என்று பொறித்து, டேப்பை உரித்து, ஈரத்துணியால் துடைத்த நிமிஷம் போன் வந்தது.

"செண்பகவல்லியம்மா வரலையாம்! கிருபாபாய்னு ஒரு டாக்டரம்மா வாராங்களாம்!" பெத்துராஜுக்கு வேர்த்துவிட்டது. "விழாவுக்கு அரை மணி நேரந்தான் இருக்கு!"

"சொரண்டுனா வார்னிஷோட மரமும் போயிரும்" என்றார், பேனாக்களைக் கொண்டுவந்து கடையிலேயே உட்கார்ந்திருந்த ஆறுமுகச்சாமி. "டாக்டரம்மாவைப் பேரை மாத்திக்கிடச் சொல்லும் வே."

ஜெபிதா பேனாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "சொரண்ட வேண்டாம் அண்ணாச்சி. மூடிருவோம்."

திரையில் ஓர் இலைக்கொடி வரைந்தாள். ஒவ்வோர் எழுத்தின் மேலும் ஓர் இலை.

"ஏட்டி, கருகிறாம!" என்றார் பெத்துராஜ்.

"மூச்சு விடாம இருங்க அண்ணாச்சி, பேனா அசையுது."

மூவரும் மூச்சை நிறுத்தினார்கள். சுவர்க் கடிகாரமும் நிறுத்தியது. அந்த இரண்டு நிமிஷத்தை அது இன்றுவரை ஈடுகட்டவில்லை. இலைக்குள் செண்பகவல்லி மறைந்ததும், பேனாவைப் புரட்டிப்போட்டு மறுபக்கம் 'கிருபாபாய்' என்று பொறித்தாள்.

மேடையில் டாக்டரம்மா அந்தக் கொடியைத் தடவிக்கொண்டே பேச வந்ததை மறந்துவிட்டார். கூட்டம் அதற்கே கைதட்டியது. தன் பேனாவிலும் கொடி வேண்டுமென்று, ஓர் ஆசிரியை தன் பெயரைத் தப்பாகப் போட்டதாகச் சண்டை பிடித்தாள். பெத்துராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பொன்னாடையோடே கடைக்கு ஓடிவந்தார். "மக்கா, இந்தக் கடையே நீதான்! அதே கொடியை ஓரத்துல போட்டு ஒரு பலகை பொறி. 'லேசர் வேலைக்கு ஆள் தேவை'ன்னு."

"எனக்குக் கூட ஒரு ஆளா அண்ணாச்சி?"

"பின்னே? உனக்குக் கீழதான்."

ஜெபிதா சிரிப்பை அடக்க முடியாமல், ஓர் இலைகூடக் குறையாமல் பொறித்துக் கொடுத்தாள். பெத்துராஜே ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கதவில் மாட்டினார்.

திங்கட்கிழமை காலையில், கடையின் ஒரே லேசர் மெஷின் முன்னால், ஜெபிதாவுக்குப் பதில், சண்முகப்ரியா என்ற வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது ட்ரையலின் முதல் நாள்.