நாலு மணி பஸ்ஸுக்கு முன் ஒரு டிஸ்க்

முப்பத்தொரு சதவீதத்திலேயே நின்றுவிட்டது, போன தடவை பதினான்கு, அதற்கு முந்தைய தடவை அறுபது வரைக்கும் ஏறி ஆசை காட்டிவிட்டுப் படுத்தது, புத்தம்புதிய டிவிடி ரைட்டர், உறையின் பிளாஸ்டிக் வாசம்கூட இன்னும் போகவில்லை, இதற்கென்ன கேடு... தட்டு தானாக வெளியே வந்து பாழாய்ப்போன டிஸ்க்கை நீட்டியது, இந்தா பிடி உன் சாமான் என்கிற மாதிரி. ஐந்தாவது டிஸ்க். மேசையில் மீதி இரண்டு. மணி இரண்டு நாற்பது. மாமனார் நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறார், அதற்குள் அவன் மகள் ஓட்டப்பந்தயத்தில் ஓடிய வீடியோவை டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தாக வேண்டும், மச்சினி வீட்டு டிவியில் போட்டுக் காட்டுவாராம், அவர் கேட்டது அது ஒன்றுதான், அதையும் அவனிடம் கேட்கவில்லை, பேத்தியிடம் சொல்லி அனுப்பினார். ஒன்பது நாளாக அவர் அவனிடம் நேராக எதையும் கேட்பதில்லை.

டிஸ்க்கில் கோளாறா, வேறு கம்பெனி டிஸ்க்கும் போட்டுப் பார்த்தாயிற்று. வேகத்தைக் குறைத்தால்... குறைத்தாயிற்று. யாரோ திருப்பிக் கொடுத்ததைக் கடைக்காரன் மாமனார் தலையில் கட்டிவிட்டானா, கட்டியிருப்பான், ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு ரைட்டரைப் பற்றி என்ன தெரியும், பழுதான பழைய ரைட்டரின் மேல் ஒட்டியிருந்த எழுத்தையும் எண்ணையும் ஒன்றுவிடாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வெயிலில் நாலு கடை ஏறி இறங்கி, அச்சு அசலாக அதே மாடலை வாங்கி வந்து கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போனார், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிற மாதிரியா அவன் வைத்திருந்தான்? ஒன்பது நாளுக்கு முன் பழையதன் தட்டை விரலால் தள்ளி மூடினார், அவ்வளவுதான், ரைட்டர் பாதியில் நின்றது, அவன் வாயிலிருந்து அது வந்துவிட்டது, "பஸ் கதவை அறைஞ்சு சாத்துற கையால தொட்டா இப்படித்தான் மாமா ஆகும்." மகள் பக்கத்தில் நின்றாள். அவர் தன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். சொன்ன விதம் தப்பாக இருக்கலாம், சொன்னது உண்மைதானே... அன்றிலிருந்து இந்த வீட்டில் எந்தக் கதவும் சத்தம் போடுவதில்லை, ஃப்ரிட்ஜைக்கூட இரண்டு கையாலும் பிடித்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் சாத்துகிறார், முன்பெல்லாம் அவர் குளியலறைக் கதவைச் சாத்தினால் மேல்மாடிக்காரர் எட்டிப் பார்ப்பார்.

"ஆச்சா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். ஆகும் என்றான். ஒன்பது நாளாக அவளும் அளந்துதான் பேசுகிறாள். உள்ளறையில் பெட்டியின் ஜிப் இழுபடுகிற சத்தம். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் மாமனார் சொல்லியிருக்கிறார், கொஞ்ச நாளைக்குப் போகிறவர் எதற்கு முகம் மழிக்கிற கண்ணாடியை ஆணியோடு பிடுங்கி எடுத்துக்கொள்கிறார்? ஆறாவது டிஸ்க்கைப் போட்டான். பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்திரண்டு... ரைட்டர் விளக்கு அணைந்தது, திரையிலிருந்து ரைட்டரே காணாமல் போனது. இதைப் பார்த்திருக்கிறானே, பழையதும் இப்படித்தானே... மவுஸின் மேல் அவன் கை அப்படியே நின்றது. பழையதற்கு வந்த அதே நோய் புதுசுக்கு எப்படி வரும்? ஆபீஸில் பிரிண்டர் நின்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள், எல்லோருக்கும் அவன் எடுக்கிற பாடம் என்ன, சாமானை மாற்றியும் கோளாறு போகவில்லை என்றால் கோளாறு சாமானில் இல்லை. ஊருக்கு உபதேசம்.

கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினான். ரைட்டருக்குப் போகிற சிவப்பு டேட்டா கேபிள், தகடு வந்து உட்காருகிற விளிம்பில் மாட்டி மடிந்து, மடிந்த இடத்தில் நகம் பதிந்ததுபோல் ஒரு வெட்டு. யார் செய்தது... யாராவது செய்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும். போன மாதம் தூசி தட்டுகிறேன் என்று திறந்தவன் அவன், நான் பாத்துக்கறேன், யாரும் கிட்ட வராதீங்க என்று எல்லோரையும் விரட்டியவன் அவன், தகடு சரியாக மூடவில்லை என்று முழங்காலால் ஒரு இடி இடித்து மூடியவனும் சாட்சாத் அவனேதான். அதற்கப்புறம் டிஸ்க்கில் எதையும் எழுதிப் பார்க்கவில்லை, எழுத உட்கார்ந்த அன்றைக்கு மாமனார் தட்டைத் தள்ளினார், ஆள் கிடைத்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இழுப்பறையில் இன்னொரு கேபிள் கிடந்தது. இருப்பது ஒரே டிஸ்க். புதுசில் போட்டால் வேலை முடிந்தது, மணி மூன்று பத்து, பேசாமல் போடு... ஆனால் அலமாரி மேல் கிடந்த பழையதை எடுத்து அதைத்தான் இந்தக் கேபிளில் மாட்டினான். தெரிந்துகொள்ளாமல் அவனால் உட்கார முடியவில்லை. நின்று தொலை என்று ஒரு மனசு, நின்றால் சொன்னது சொன்னதுதான், கேபிளும் கெட்டது, அவர் கையும் கெடுத்தது... நின்றுவிடாதே என்று இன்னொரு மனசு. இருபது. நாற்பது. அறுபதில் மூச்சைப் பிடித்தான். எண்பது, தொண்ணூறு, நூறு. ஒன்பது நாளாகச் செத்துக்கிடந்தது ஒரு முனகல் இல்லாமல் எழுதி முடித்துத் தட்டை நீட்டியது. அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாசலறையில் மாமனார் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். டிஸ்க்கைக் கொடுத்தான், கேபிள்தான் மாமா, உங்க கை இல்ல, இவ்வளவுதான், ஐந்தே சொல், தொண்டை வரைக்கும் வந்தது. அவர் விரல்களைச் சட்டையில் துடைத்துவிட்டு டிஸ்க்கை ஓரத்தில் பிடித்து வாங்கினார். "புதுசு நல்லா எழுதுதா மாப்பிள்ளை?" ஒன்பது நாளில் அவனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி. முகத்தில் அப்படியொரு நிம்மதி, பட்ட பழி தீர்ந்தவர்போல.

"நல்லா எழுதுது மாமா."

பஸ் நிறுத்தத்துக்கு யாரும் வர வேண்டாம் என்றார். பேத்தியிடம் தலையசைத்தார். கதவைச் சாத்தினார், அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான், ஒருமுறை, பழைய மாதிரி ஒரே ஒருமுறை அறைந்து சாத்திவிட்டுப் போங்களேன்... சத்தமே இல்லை. மனைவி அவனைப் பார்த்தாள், அவன் கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்கு ஓடினான். ஒரு மாடி கீழே, பெட்டியும் கையுமாக, அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஏதாவது மறந்துட்டேனா?"

இப்போதும் தப்பைத் தன்னிடமேதான் தேடுகிறார்... அவர் பார்வை அவன் கைக்குப் போனது. அப்போதுதான் தெரிந்தது, அந்த மடிந்த கேபிளை அவன் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான்.