மோகன்ராஜின் குரல் ஓடும் தியேட்டர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுகளா, ஃபேனுக்கு அடியிலேயே உட்காருங்க; அருள்புரத்தில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டும் மோகன்ராஜின் குரல், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, அவரை விட்டு ஓர் இங்கிலீஷ் படத்துக்குள் போய்விட்டது.

இருபத்திரண்டு வருஷம் மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவர் தொண்டை அப்படி அமைந்திருந்தது. "டீ வந்துருச்சுங்க" என்று அவர் சொன்னால் இரண்டு கம்பெனி தள்ளிக் கேட்கும். பச்சை அங்கி போட்டு வானத்தில் பறக்கும் வீரனுக்குத் தமிழ்க் குரல் தேடி வந்த டப்பிங்காரர்கள் அதைக் கேட்டதும் அவரைக் கையோடு சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். மெதுவாகப் பேச வேண்டிய இடத்திலும் அவர் மெஷினுக்கு மேலே பேசுவதுபோலத்தான் பேசினார். மிச்சம் வைக்கத் தெரியவில்லை. கடைசி வசனம் முடிந்து வெளியே வந்து தண்ணீர் கேட்டபோது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை நன்றாக இருக்கிறது, குரல்தான் உள்ளே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

படம் வேலம்பாளையம் தியேட்டருக்கு வந்த பிறகுதான் குரல் இருக்கும் இடம் தெரிந்தது. அவர் மனைவி அன்புசெல்வி ஞாயிறு தவறாமல் காலைக் காட்சிக்குப் போனார். திரையில் வீரன், "இந்த உலகத்தை நான் காப்பாத்துவேன்" என்று முழங்கினால், "மொதல்ல கேஸ் சிலிண்டர் புக் பண்ணுங்க" என்று சீட்டிலிருந்தே சொல்வார். தமிழ் தெரியாத வடநாட்டுத் தொழிலாளர்களும் அந்த இடத்தில் சிரிக்கப் பழகினார்கள். மற்ற ஊர்களில் பத்து நாளில் தூக்கிய படம் இங்கே ஆறு மாதம் தாண்டி ஓடியது.

அப்போதுதான் மகள் பிரியங்காவுக்கு அவிநாசிபாளையத்தில் சம்பந்தம் கூடியது. அவளும் மாப்பிள்ளையும் தைத்த பனியனைச் சரிபார்க்கும் ஒரே செக்கிங் டேபிளில் மூன்று வருஷம் எதிரெதிரே நின்று பிடித்துப்போனவர்கள்தான். மாப்பிள்ளையின் தாத்தா வெள்ளையன் மட்டும் ஒன்றில் நின்றார்: பெண்ணைப் பெற்றவர் வாயைத் திறந்து மூன்று தடவை 'குடுத்தோமுங்க' என்று சொல்ல வேண்டும்; எழுதிக் காட்டுவதும் தலையாட்டுவதும் செல்லாது.

"அப்பன் வாய்ச்சொல்லு இல்லாம எங்கூட்டுக்கு ஒரு புள்ளையும் வந்ததில்லீங்க" என்றார் வெள்ளையன்.

பிரியங்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அன்புசெல்வி வெள்ளையனிடம் போனில் சொன்னார்: "அவரு வாய்ச்சொல்லு வேலம்பாளையத்துல இருக்குதுங்க. அங்கயே வந்து கேட்டுக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை தாம்பூலத் தட்டோடு இருபத்தேழு பேர் காலைக் காட்சிக்குப் போனார்கள். வெள்ளையன் முதலில் வீரனின் அங்கியைத்தான் பார்த்தார். "பாலியெஸ்டருங்க இது. ரெண்டு துவைப்புக்குத் தாங்காது." இடைவேளைக்குப் பிறகு, இடிந்து விழும் பாலத்தை வீரன் தோளில் தாங்கி நின்ற இடத்தில், மோகன்ராஜ் எழுந்து கைகூப்பி உதட்டை அசைத்தார். வீரன் இந்தப் பக்கம் திரும்பினான். அந்த உதட்டுக்குச் சரியாக வாயசைத்து, "குடுத்தோமுங்க, குடுத்தோமுங்க, குடுத்தோமுங்க" என்றான். அதுவரை அவனுக்கு இவர் டப்பிங், அன்றைக்கு இவருக்கு அவன். மூன்றாவதை மட்டும் மெதுவாகச் சொன்னான்.

வெள்ளையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தே, "எடுத்துக்கிட்டோமுங்க" என்று சொல்லித் தட்டை வாங்கினார். வீரன் பாலத்தை இறக்கி வைத்துவிட்டு மிச்சச் சண்டைக்குப் போனான்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. குரல் இன்னும் திரும்பவில்லை, படமும் இன்னும் ஓடுகிறது. பாலத்தின் அடியில் வீரன் ஒவ்வொரு காட்சியிலும் மூன்று தடவை கொடுக்கிறான். தியேட்டரில் யாராவது நாலு பேர் "எடுத்துக்கிட்டோமுங்க" என்று சொல்லி எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டிலும் நல்ல காரியம் நிறையட்டும் கண்ணுகளா. கேட்கக் காத்திருக்கும் நல்ல வார்த்தை எந்த வாயிலிருந்தாவது வந்து சேரட்டும்.