சாம்பல் மேல் கூடிய சந்தை

காளியண்ணனை ஊரில் எல்லோரும் ‘பிரான்சுக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஓமலூருக்கு மேற்கே கருங்காலிப்பட்டியில் பிறந்து வளர்ந்தவர். ஜெர்மன் சண்டையின்போது பட்டாளத்துத் தொழிலாளர் படையில் சேர்ந்து கப்பலேறி, பிரான்சு தேசத்தில் பெர்லோன் என்ற சின்ன ஊரில் இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் அள்ளிக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தவர். வந்து பத்து வருஷம் ஆகியும் அந்த ஊர்ப் பேச்சு அவர் வாயை விட்டுப் போகவில்லை.

“நம்ம சரபங்கா மாதிரி ஒரு ஆறுங்க. அதுக்கு மேல ஒரு மேடு, மேட்டு மேல ஊரு. சனங்க லேசுல சிரிக்க மாட்டாங்க. உச்சிக்குக் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்தா, சாப்புட்டு எந்திரிக்கப் பொழுது சாஞ்சுரும். ஆனா சனிக்கெழமச் சந்தை மட்டும் தவறவே தவறாது. என்னைக்கோ ஒரு ராசா, கம்பளி விக்கறதுக்குன்னு அந்த ஊருக்குச் சந்தை குடுத்தாராம். அப்பறம் இங்கிலீசுக்காரன் வந்து ஊரக் கொளுத்துனான். சந்தை நடந்துது. கொள்ளைநோய் வந்து பாதிச் சனம் போச்சு. அப்பவும் நோவு ஒட்டாம இருக்கக் காசப் புளிச்ச காடியில முக்கி வாங்கிக்கிட்டு, எட்ட நின்னு யாவாரம் பண்ணுனாங்களாம்.”

இதெல்லாம் அந்த ஊர் ரொட்டிக்கடைக் கிழவர் சொன்னது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புதுச்சேரிக்காரர் சவரிமுத்து அதைத் தமிழில் எடுத்துச் சொல்லியிருந்தார். கேட்பவர்கள் காளியண்ணன் முன்னால் தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்ச் சிரிப்பார்கள்.

அந்தப் பங்குனியில் கருங்காலிப்பட்டிச் சந்தை எரிந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வியாபாரிகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். பணியாரக் கடை அடுப்பிலிருந்து காற்றில் பறந்த பொறி ஓலைக் கூரையில் விழுந்தது. ஆட்கள் கிணற்றுக்கு ஓடித் திரும்புவதற்குள் கடைகள் அத்தனையும் பற்றிக்கொண்டன. உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் காலையில் கரிந்த கம்பங்களும் முட்டளவு சாம்பலும்தான் மிச்சம்.

வியாழக்கிழமை பக்கத்து மிட்டாதாரின், அதாவது சின்ன ஜமீன்தாரின், காரியஸ்தர் வில்வண்டியில் வந்து இறங்கினார். கோயில் முன்னால் ஊர் கூடியது.

“அம்மன் கோவிச்சுக்கிட்டா. இந்த எடம் சந்தைக்கு ஆகாதுங்கறது தெரிஞ்சு போச்சு. எங்க மிட்டாவுல சந்தைக்கு நெலம் ஒதுக்கியாச்சு. வர்ற செவ்வாக்கெழம எல்லாரும் அங்க வந்துருங்க” என்றார்.

ஆட்டுத் தரகர் தங்கசாமி, “எங்க சந்தை கூடுனா என்னங்க, ஆடு வித்தாச் செரி” என்றார். பலரும் தலையாட்டினார்கள்.

காளியண்ணன் எழுந்தார். “சந்தை போனா ஊரும் கூடவே போயிருமுங்க. நான் பாத்துட்டு வந்திருக்கறன். பெர்லோன்ல…”

“ஏனுங்க பிரான்சுக்காரரே, அங்க இருந்து ஓலை அனுப்பச் சொல்லுங்களேன், கூரை மேயலாம்!” என்றார் தங்கசாமி. கூட்டம் சிரித்தது. காளியண்ணன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அவர் மனைவி மாரியாயி வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். கோயிலில் நடந்தது அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது. இத்தனை வருஷமாகப் புருஷனின் பிரான்சுக் கதையை அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அன்றைக்கு முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“குண்டு போட்டு ஊரு தரமட்டமாச்சுன்னீங்களே, அப்பறம் சந்தையை ஆருங்க ஆரம்பிச்சது? ராசாவா?”

“ராசா எங்க வந்தான்? ஒரு பொம்பளதான். நாங்க கல்லு அள்ளிக்கிட்டிருந்தம். கோசுக் கூடையத் தூக்கிக்கிட்டு வந்தா. அவ கடை இருந்த எடத்தத் தேடிக் கண்டுபுடிச்சு, காலால கல்லத் தள்ளிட்டு உக்காந்துக்கிட்டா. ஊருக்குள்ள இன்னும் சனமே வரலை. எங்களுக்குச் சிரிப்பா வந்துது.”

“அப்பறம்?”

“மதியம் ஒருத்தி முட்டை கொண்டாந்தா. அடுத்த சனிக்கெழம பத்துப் பேரு இருந்தாங்க.”

“இதையில்ல மொதல்ல சொல்லோணும்! ராசா கதையச் சொல்லிக்கிட்டு!” என்று முறத்தை மறுபடியும் கையில் எடுத்தாள் மாரியாயி. “தோட்டத்துல கத்திரிக்கா பிஞ்சு விட்டிருக்குது. செவ்வாக்கெழம பறிச்சாச் செரியா இருக்கும்.”

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவள் கத்தரிக்காய்க் கூடையோடு கிளம்பினாள். காளியண்ணன் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

“ஒருத்தரும் வரலீன்னா ஊரே சிரிக்கும், புள்ள.”

“உங்களப் பாத்துப் பத்து வருசமாச் சிரிச்சாங்க. தேஞ்சா போயிட்டீங்க? மம்பட்டிய எடுத்துக்கிட்டு வாங்க.”

அவர் சாம்பலை வழித்து ஒதுக்கிக் கொடுத்தார். எப்போதும் உட்காரும் இடத்திலேயே அவள் சாக்கை விரித்துக் காயைக் குவித்தாள். வெயில் ஏறியது. மிட்டா பக்கம் போன வண்டிகள் மெதுவாகி, பார்த்துவிட்டு நகர்ந்தன. காரியஸ்தரின் வில்வண்டியும் அந்த வழியாக வந்தது.

“இது என்னம்மா கூத்து? சாம்பலுக்கா காய் விக்கற?”

“உங்களுக்கும் விப்பனுங்க. பிஞ்சுக் காயி. கூறு போடட்டுங்களா?” என்றாள் மாரியாயி, எழுந்திருக்காமலே. வண்டிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். காரியஸ்தர் மாட்டை ஓட்டச் சொன்னார்.

சட்டிப்பானை விற்கும் முத்தாயம்மாள் தலையில் சுமையோடு மிட்டாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். மாரியாயியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“என்னடி இது, தனியா உக்காந்திருக்கற?”

“நீ வந்துட்ட இல்ல, அப்பறம் என்ன தனி? எறக்கு.”

முத்தாயம்மாள் ஒரு நிமிஷம் மிட்டாவுக்குத் தெற்கே போகும் பாதையைப் பார்த்தாள். வெயிலில் அது நீண்டு கிடந்தது. பிறகு சுமையை இறக்கினாள். பானையைப் பார்த்து உப்பு வியாபாரி நின்றார். உப்புக்காரர் நின்றதும் களத்துமேட்டுப் பெண்கள் வந்தார்கள். உச்சிப்பொழுது தாண்டியபோது சாம்பல் மேல் சின்னதாக ஒரு சந்தை கூடியிருந்தது. புடவையெல்லாம் கரி. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. காளியண்ணன் மண்வெட்டியோடு ஓடி ஓடி இடம் வழித்துக் கொடுத்தார்.

மிட்டாச் சந்தைக்கு அன்றைக்குப் போனவர்களுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவர்களில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். சித்திரை முடிவதற்குள் காரியஸ்தர் அந்த நிலத்தில் நிலக்கடலை போட ஏற்பாடு செய்துவிட்டார். ஊரார் இந்தத் தடவை கல்கால் நட்டு, ஓட்டுக் கூரையாகவே போட்டார்கள்.

தங்கசாமி கடைசியாகத்தான் வந்தார். ஆடுகளை ஓட்டி வந்து பார்த்தால், அவர் இடத்தில் வெற்றிலைக்காரர் உட்கார்ந்திருந்தார். இருவரும் குரலை உயர்த்திக்கொண்டார்கள்.

“என்ற எடமுங்க இது! எங்கய்யன் காலத்துல இருந்து!” என்று கத்தினார் தங்கசாமி. “பிரான்சுக்காரரே, வந்து ஞாயத்தச் சொல்லுங்க!”

காளியண்ணன் போவதற்குள், கத்தரிக்காய் கூறு போட்டுக்கொண்டிருந்த மாரியாயி எழுந்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அங்கே நடந்தாள்.